சோழரா ஆரம்பிச்சு முகலாயரா முடிஞ்சா தப்பா? - 'சிவிலைசேஷன் 7'-க்கு ஒரு வக்காலத்து!

'தப்பித்தவறிகூட ஏழாவது பார்ட்டை வாங்கிடாதீங்க... ஆறாவதே போதும்!' - கடந்த ஒரு வருஷமா ஸ்ட்ராட்டஜி கேம் ஆடுற நண்பர்கள் யாரிடம் பேசினாலும் இந்த வரி காதில் விழாமல் இருப்பதில்லை. சிலர் வாங்கி, இருபது மணி நேரம் ஆடிவிட்டு, அன்இன்ஸ்டால் செய்தவர்கள். சிலர் வாங்காமலேயே வெறுப்பவர்கள். நான் கொஞ்சம் சிறுபான்மை. எனக்கு இந்த கேம் பிடித்திருக்கிறது. பிடித்திருக்கிறது என்றால், குறைகளோடு சேர்த்துத்தான்.

முதலில், இந்தப் பக்கமே வராதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 'சிவிலைசேஷன்' 1991-ல் சிட் மேயர் என்பவர் உருவாக்கிய கணினி விளையாட்டு. சதுரங்கம் மாதிரி முறை வைத்து ஆடுவது. உங்கள் முறையில் நீங்கள் நகர்த்துவீர்கள், பிறகு எதிராளி நகர்த்துவார். கி.மு. 4000-ல் ஒரே ஒரு ஊரோடு ஆரம்பித்து, வயல் போட்டு, கோயில் கட்டி, சண்டை போட்டு, ஒப்பந்தம் போட்டு, கடைசியில் விண்வெளிக்கு ராக்கெட் விடுவதுவரை உங்கள் நாட்டை வளர்த்துக் கொண்டுபோக வேண்டும். 'இன்னும் ஒரே ஒரு டர்ன்' என்று சொல்லிச் சொல்லியே விடிய வைத்துவிடும். அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். கணவன், மனைவி சண்டைவரை போன கேஸ்கள் உண்டு.

அதன் ஏழாவது பாகத்தை 2025 பிப்ரவரி 11 அன்று ஃபிராக்சிஸ் நிறுவனம் வெளியிட்டது. விலை 70 டாலர். அதற்கு மேலும் காசு கொடுத்தவர்களுக்கு ஐந்து நாள் முன்னதாகவே கதவைத் திறந்துவிட்டார்கள். அதிகக் காசு கொடுத்தவர்கள்தான் அதிக ஆசையோடு காத்திருந்தவர்கள் இல்லையா? முதல் அடியும் அவர்களிடமிருந்துதான் விழுந்தது. ஸ்டீம் தளத்தில் விமர்சனங்கள் சரிந்தன. அந்த வருஷத்தில் ஆறாவது பாகத்தை ஆடியவர்கள் எண்ணிக்கை, ஏன் 2010-ல் வந்த ஐந்தாவது பாகத்தை ஆடியவர்கள் எண்ணிக்கைகூட, ஏழை முந்திய நாள்கள் நிறைய. செப்டம்பரில் ஃபிராக்சிஸில் ஆள்குறைப்பும் நடந்தது. ஆக, இது ஏதோ நாலு பேர் போடும் கூச்சல் என்று நான் ஒதுக்கப் போவதில்லை.

அப்படி என்னதான் செய்துவிட்டார்கள்?

முப்பது வருஷத்துக்கும் மேலாக இந்தத் தொடரில் மாறாத ஒரு விதி இருந்தது. எந்த நாகரிகத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ, கடைசிவரை அதுதான். ரோம் என்றால் கி.மு. 4000-லும் ரோம், ராக்கெட் விடும்போதும் ரோம். ஏழாவது பாகம் அந்த விதியை உடைத்தது. ஆட்டத்தைப் பழங்காலம், கடல் பயணக் காலம், நவீன காலம் என மூன்று யுகங்களாகப் பிரித்தது. ஒரு யுகம் முடிந்ததும் நீங்கள் வேறொரு நாகரிகத்துக்கு மாறியே ஆக வேண்டும் என்றது. தலைவர் மட்டும் மாற மாட்டார். அவரும் அந்த நாட்டுக்காரராக இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. கன்பூசியஸை வைத்துக்கொண்டு ரோமை ஆளலாம். பெஞ்சமின் ஃபிராங்க்ளினை எகிப்துக்கு அனுப்பலாம்.

'இது என் நாடே இல்லையே... நூறு டர்ன் பார்த்துப் பார்த்து வளர்த்த நாட்டை ஒரே ஸ்க்ரீனில் பிடுங்கிவிட்டு, வேறு பெயர்ப் பலகையை மாட்டிவிட்டார்களே!' - கோபத்தின் மையம் இதுதான். 2021-ல் வந்த 'ஹியூமன்கைண்ட்' என்ற போட்டி விளையாட்டும் இதே நாகரிக மாற்றத்தை முயன்று, இதே திட்டை வாங்கியது. தெரிந்தே எதற்கு இந்தக் குழியில் விழ வேண்டும் என்பது ரசிகர்களின் கேள்வி.

நியாயமான கேள்வி. ஆனா, விழுந்தது குழியிலா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன், மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். பழைய பாகங்களில் எத்தனை ஆட்டத்தைக் கடைசிவரை ஆடி முடித்திருக்கிறீர்கள்? என் கம்ப்யூட்டரில் ஆறாவது பாகத்தின் சேவ் ஃபைல்கள் வரிசையாகக் கிடக்கின்றன. பெரும்பாலானவை துப்பாக்கி கண்டுபிடிக்கும் காலத்துக்குள் நின்றுபோனவை. காரணம் எளிது. அந்த நேரத்துக்குள் யார் ஜெயிக்கப் போகிறார்கள் என்று தெரிந்துவிடும். முன்னால் போனவர் இன்னும் முன்னால் போய்க்கொண்டே இருப்பார். பிறகு இருக்கும் இருநூறு டர்ன்களும் சம்பிரதாயம்தான். சின்ன வயசில் 'டிரேட்' போர்டு விளையாடும்போது எல்லா ஊரிலும் ஓட்டல் கட்டிவிட்ட அண்ணனோடு, அம்மா சாப்பிடக் கூப்பிடும்வரை மரியாதைக்கு உருட்டிக்கொண்டிருப்போமே, அந்த நிலைமை. ரசிகர்கள் பெரும்பாலான ஆட்டங்களை முடிப்பதே இல்லை என்பதை, யுகங்களைக் கொண்டுவந்ததற்கான காரணங்களில் ஒன்றாக ஃபிராக்சிஸ் குழுவே சொன்னது.

இதற்கு நம்ம ஊர்ப் பல்லாங்குழியில் எப்போதோ தீர்வு இருக்கிறது. ஒரு சுற்று முடிந்ததும் இரண்டு பேரும் கையில் இருக்கும் காய்களை வைத்துத் தங்கள் குழிகளை மறுபடி நிரப்புவார்கள். தோற்றவருக்குக் காய் பத்தாது. அதனால் சில குழிகள் காலியாக ஒதுக்கப்படும். அந்தக் குறையோடு அடுத்த சுற்றை ஆட வேண்டும். ஜெயித்தவருக்குச் சாதகம் உண்டு, ஆனால் ஆட்டம் முடிந்துவிடவில்லை. விட்ட குழியைப் பிடித்துவிடலாம். ஏழாவது பாகத்தின் யுக மாற்றமும் கிட்டத்தட்ட இதே கணக்குத்தான். யுகம் முடியும்போது நடந்துகொண்டிருக்கும் போர்கள் நின்றுவிடும். படை ஓரளவு வெட்டப்படும், தளபதிகள் அடுத்த யுகத்துக்கு வருவார்கள். தலைநகரைத் தவிர்த்து பல நகரங்கள் சிற்றூர்களாகச் சுருங்கும். பழைய கட்டடங்கள் நிற்கும், ஆனால் அவற்றின் பலன் குறையும். முந்தைய யுகத்தில் நீங்கள் சாதித்தவை புள்ளிகளாகக் கூடவே வரும். எல்லோரும் புதிய தொழில்நுட்ப மரத்தின் அடியிலிருந்து ஏறத் தொடங்குவார்கள்.

இதனால் என்ன ஆனது தெரியுமா? நான் ஏழாவது பாகத்தில் ஆரம்பித்த ஆட்டங்களில் பாதிக்கு மேல் முடித்திருக்கிறேன். என் வாழ்க்கையில் இதற்கு முன் நடக்காத விஷயம் இது. இருநூறு டர்ன் பின்தங்கிக் கிடந்த நிலையிலிருந்து மூன்றாவது யுகத்தில் எழுந்து வந்த ஆட்டமும் அதில் ஒன்று. பழைய பாகத்தில் அந்த ஆட்டத்தை டெலிட் செய்துவிட்டுத் தூங்கப் போயிருப்பேன்.

யுகத்தின் கடைசியில் ஒரு நெருக்கடி வரும் பாருங்கள், அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொள்ளைநோய், படையெடுப்பு, உள்நாட்டுக் கலகம் என ஏதாவது ஒன்று எல்லோரையும் சேர்த்துப் பிடிக்கும். கெட்ட கொள்கைகளின் பட்டியலை நீட்டி, 'இதில் எது உனக்குக் கொஞ்சம் குறைவாக வலிக்கும்?' என்று கேட்கும். பல பேருக்கு இது பிடிக்கவில்லை. நல்லா போய்க்கொண்டிருக்கும்போது எதுக்கு வம்பு என்கிறார்கள். எனக்கோ, ஏறுமுகம் மட்டுமே தெரிந்த இந்தத் தொடரில் முதல்முறையாக இறங்கவும் கற்றுக்கொடுத்த இடம் அது. எந்த ஊரைக் காப்பாற்றுவது, எந்த ஊரை விட்டுவிடுவது என்று நான் யோசித்து உட்கார்ந்த அரை மணி நேரம் பழைய பாகங்களில் எனக்குக் கிடைக்கவே இல்லை.

சரி, விளையாட்டுக் கணக்கு போகட்டும். 'என் நாட்டைப் பிடுங்கிட்டாங்க' என்ற மனக்கசப்புக்கு என்ன பதில்?

இங்கேதான் தமிழ் வாசகர்களான நமக்கு ஒரு தனி நியாயம் இருக்கிறது. பழைய பாகங்களில் இந்தியா என்றால் ஒரே இந்தியாதான். கி.மு. 4000-ல் காந்தி தாத்தா கண்ணாடி போட்டுக்கொண்டு, வேட்டியோடு நின்று, கையெறி ஈட்டிக்காரர்களுக்குக் கட்டளை கொடுப்பார். (அவர் அணுகுண்டு போடும் கதையையும் கேட்டிருப்பீர்கள். ஒரு புரோகிராம் பிழையால் காந்தி கொடூரனாகிவிட்டார் என்ற அந்தப் பிரபல கதை உண்மையில்லை என்று 2020-ல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்பு நூலில் சிட் மேயரே எழுதிவிட்டார்.) ஆறாயிரம் வருஷத்துக்கும், இத்தனை மொழிக்கும், இத்தனை அரசுக்கும் அந்த ஒரே ஒரு நாற்காலிதான். அதில் சோழருக்கு இடமில்லை, பாண்டியருக்கு இடமில்லை.

யுகங்களாக உடைத்ததும் என்ன ஆயிற்று? பழங்காலத்தில் மௌரியர், கடல் பயணக் காலத்தில் சோழர், நவீன காலத்தில் முகலாயர் என்று மூன்று நாற்காலிகள் வந்தன. தொடரில் சோழர்கள் தனி நாகரிகமாக வந்தது இதுதான் முதல்முறை. அதுவும் பிறகு காசு கொடுத்து வாங்க வேண்டிய கூடுதல் தொகுப்பில் இல்லை, முதல் நாள் கேமிலேயே இருந்தார்கள்.

சும்மா பெயருக்கும் வைக்கவில்லை. சோழர்களின் சிறப்புப் போர்க்கப்பலின் பெயர் 'கலம்'. தஞ்சைப் பெரிய கோயில் ஓர் உலக அதிசயமாகக் கட்டக் கிடைக்கிறது. எனக்கு நிஜமாகவே சிலிர்த்த இடம் வேறு. சோழர்கள் மட்டும் கட்டக்கூடிய இரண்டு கட்டடங்களுக்கு 'அஞ்சுவண்ணம்', 'மணிக்கிராமம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே இடத்தில் கட்டினால் அந்தப் பகுதி 'ஐந்நூற்றுவர்' வட்டாரமாக மாறும். இந்தப் பெயர்களை நம் பள்ளிப் பாடப்புத்தகத்தில் எத்தனை பேர் கவனித்துப் படித்திருப்போம்? மூன்றும் வணிகக் குழுக்கள். 849-ஐச் சேர்ந்த கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும் வருகின்றன. தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, ஒரு குளத்தை மணிக்கிராமத்தாரின் பாதுகாப்பில் விட்டதைச் சொல்கிறது. சுமத்ராவின் பாரூஸ் பக்கம் கிடைத்த 1088-ம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டில் ஐந்நூற்றுவர் இருக்கிறார்கள். சோழர் என்றாலே வாளும் புலிக்கொடியும் மட்டுமே என்று நம்ம ஊர் சினிமா காட்டிக்கொண்டிருக்க, அமெரிக்காவில் உட்கார்ந்து கேம் செய்தவர்கள் வணிகக் குழுக்களைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். இதை நாம் செய்திருக்க வேண்டாமா என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

இப்போ மறுபக்கம். மௌரியரை ஆடினால் அடுத்த யுகத்தில் சோழராகும் வழி திறக்கிறது. வரலாறு தெரிந்தவர்களுக்கு இது உறுத்தும், உறுத்தவும் வேண்டும். அசோகரின் இரண்டாம், பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டுகளில் சோழரும் பாண்டியரும் அவர் எல்லைக்கு வெளியே இருக்கும் அண்டை அரசுகளாகத்தான் சொல்லப்படுகிறார்கள். மௌரியர் வளர்ந்து சோழர் ஆகவில்லை. பாடலிபுத்திரத்தின் வாரிசு தஞ்சாவூர் என்பது டெல்லியில் உட்கார்ந்து வரைந்த மேப் மாதிரி இருக்கிறது. சோழரிலிருந்து முகலாயர் என்பதும் அதே கதைதான். தமிழ்த் தலைவர் என்று ஒருவரும் இல்லை. ராஜேந்திர சோழன் இல்லாமல் சோழர் கடற்படையை அசோகரோ மாக்கியவெல்லியோ நடத்துகிறார்.

ஆனா, கவனியுங்கள். இந்தத் தவறு எங்கே இருக்கிறது? யார் யாராக மாறலாம் என்ற பட்டியலில் இருக்கிறது. மாறுவதில் இல்லை. பட்டியலைத் திருத்தலாம். அதற்காக, நாகரிகம் என்றால் ஆறாயிரம் வருஷம் ஒரே பெயரில், ஒரே கொடியில் நின்றே தீர வேண்டும் என்று சொல்வது எந்த வரலாறு?

ஒரு தடவை தஞ்சைப் பெரிய கோயிலுக்குள் நடந்து பாருங்கள். விமானம் ராஜராஜன் 1010-ல் முடித்தது. நீங்கள் செல்ஃபி எடுக்கும் அந்தப் பெரிய நந்தி நாயக்கர் காலத்தது. நுணுக்கமான வேலைப்பாடுள்ள முருகன் சன்னிதியும் அப்படித்தான். சுவரில் ஓரிடத்தில் மராட்டிய போன்ஸ்லே வம்சத்தின் வரலாறு நீளமாக வெட்டப்பட்டிருக்கிறது, இரண்டாம் சரபோஜி 1803-ல் செய்த வேலை. 1279-க்குப் பிறகு சோழ அரசனே இல்லை. பாண்டியர் வந்தார்கள், விஜயநகரம் வந்தது, நாயக்கர், மராட்டியர், பிறகு வெள்ளைக்காரன். ஆனாலும் அது அதே ஊர், அதே கோயில், அதே காவிரித் தண்ணீர். ஏழாவது பாகத்தில் பழைய யுகத்து அதிசயங்களும் சில சிறப்புக் கட்டடங்களும் அப்படியே நிற்க, சுற்றிலும் புது யுகத்து வீடுகள் முளைத்து வருவதைப் பார்க்கும்போது எனக்குத் தஞ்சாவூர் மேலவீதிதான் ஞாபகம் வந்தது. கி.மு. 4000-லிருந்து மாறாத அமெரிக்காவை ஆடியபோது எந்த ஊரும் ஞாபகம் வந்ததில்லை.

இதைச் சொன்னதற்காக கேமில் எல்லாமே சரி என்று நான் சர்டிஃபிகேட் கொடுக்கவில்லை. வெளியான அன்று அதன் திரை அமைப்பு பரிதாபமாக இருந்தது. ஒரு கட்டடம் ஏன் இந்தப் பலனைத் தருகிறது என்று கண்டுபிடிக்கத் துப்பறிய வேண்டியிருந்தது. ஃபிராக்சிஸே அதை ஒப்புக்கொண்டு, அப்டேட் மேல் அப்டேட்டாகச் சரிசெய்தது. மேப்கள் அளவெடுத்து வெட்டிய கேக் மாதிரி இருந்தன. 70 டாலர் வாங்கிவிட்டு, அடுத்த மாதமே பிரிட்டனைத் தனித் தொகுப்பில் விற்றார்கள். பிரிட்டன் இல்லாத நவீன யுகமா? இந்த வியாபாரத்துக்கு வக்காலத்து வாங்க என்னால் முடியாது.

வடிவமைப்பிலும் எனக்கு ஒரு பெரிய மனக்குறை உண்டு. இரண்டாவது யுகம். 'தொலைதூர நிலங்கள்' என்று கடலுக்கு அப்பால் ஒரு கண்டம். அங்கே போய்க் குடியேறி, செல்வத்தைக் கப்பலில் ஏற்றித் தாய்நாட்டுக்குக் கொண்டுவந்தால் புள்ளி. இது ஸ்பெயினின் கதை. எல்லாரையும் அந்தச் சட்டைக்குள் திணித்திருக்கிறார்கள். ஐந்நூற்றுவர் சுமத்ராவில் குடியேற்ற நாடு அமைக்கவில்லை, கடை போட்டார்கள். 1025-ல் ராஜேந்திரன் படை ஸ்ரீவிஜயத்தின் மீது பாய்ந்ததுகூட அடித்துவிட்டுத் திரும்பிய படையெடுப்பு. அந்தச் சோழரை அழகாகக் கட்டடங்களில் காட்டிவிட்டு, பிறகு வெற்றி பெறக் கொலம்பஸ் மாதிரி நடந்துகொள் என்று சொல்வது முரண். நியாயமாகக் கோபப்பட வேண்டிய இடம் இதுதான். ஆனால் எல்லாக் கோபமும் நாகரிகம் மாறுவதன் மீதே போய்விட்டதால், இதைப் பேச ஆளில்லை.

பழைய ரசிகர்கள் இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். 2010-ல் ஐந்தாவது பாகம் வந்தபோது என்ன நடந்தது? ஒரு கட்டத்தில் ஒரு படைதான் நிற்கலாம் என்று விதி போட்டதும், சதுரக் கட்டங்களை அறுகோணமாக்கியதும், நாலாவது பாகத்தில் இருந்த மதமும் ஒற்றர்களும் காணாமல் போனதும் பெரிய ரகளையானது. 'சிவிலைசேஷன் செத்துப்போச்சு' என்று அப்போதும் பாடை கட்டினார்கள். 2012, 2013-ல் வந்த இரண்டு கூடுதல் தொகுப்புகளில் அந்த கேம் தேறியது. 2016-ல் ஆறாவது வந்தபோது, 'என்னங்க இது கார்ட்டூன் மாதிரி இருக்கு' என்றார்கள். இன்று அந்த ஐந்தையும் ஆறையும் காட்டித்தான் ஏழை அடிக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கு பழசு, ஒரு பங்கு மெருகேற்றியது, ஒரு பங்கு புதுசு என்பது சிட் மேயர் தொடருக்கு வைத்த கணக்கு. இந்தமுறை புதுசு கொஞ்சம் அளவு மீறிவிட்டது, உண்மைதான்.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், காற்று மாறிவிட்டது. யுக மாற்றத்தின் அதிர்ச்சியைக் குறைக்க, படைகளும் ஊர்களும் இருந்த இடத்திலேயே தொடரும் வசதியை அப்டேட்டில் கொடுத்தார்கள். வரவேற்கிறேன். அடுத்து, ஒரே நாகரிகத்தை மூன்று யுகங்களுக்கும் கொண்டுபோகும் வசதியை ரசிகர்களிடம் கொடுத்துச் சோதிக்கப் போவதாக 2025 இறுதியில் ஃபிராக்சிஸ் அறிவித்தது. கேட்டவர்களுக்குக் கிடைக்கட்டும். விருப்பத் தேர்வாக இருக்கும்வரை யாருக்கும் நஷ்டமில்லை.

என் பயம் அதற்கு அடுத்த படி. எட்டாவது பாகம் செய்ய உட்காரும்போது, 'ஏழில் புதுசா முயன்றோம், வாங்கிக் கட்டிக்கொண்டோம், பழையபடியே போய்விடலாம்' என்று முடிவெடுத்தால்? அப்போது மறுபடி ஒரே ஓர் இந்தியா, ஒரே ஒரு நாற்காலி. 'பெரிய' நாடுகளுக்கே அந்த வகை கேமில் முன்னுரிமை. சோழரும், மஜாபாகித்தும் வருவது யுகங்கள் இருப்பதால்தான். தங்கள் காலத்தில் வாழ்ந்து, தங்கள் காலத்தில் முடிந்துபோன அரசுகள் அவை. முடிவு உள்ளவர்களுக்கும் இடம் கொடுத்த சிவிலைசேஷன் இது.

வாங்கலாமா என்று கேட்டால், முழு விலை கொடுக்காதீர்கள். தள்ளுபடி வரும், காத்திருங்கள். வாங்கிய பிறகு முதல் ஆட்டத்திலேயே பிடிக்கவில்லை என்று மூடிவிடாதீர்கள். முதல் யுக மாற்றம் எல்லாருக்கும் எரிச்சலாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது. யுகம் முடிய இருபது டர்ன் இருக்கும்போதே நீண்ட காலக் கட்டுமானங்களை நிறுத்திவிட்டு, தளபதிகளுக்குள் படையை ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். பாதி எரிச்சல் அங்கேயே போய்விடும். மௌரியரில் ஆரம்பித்து, கடலோரத்தில் ஊர் பிடித்து, சோழருக்கு மாறுங்கள். அஞ்சுவண்ணத்தையும் மணிக்கிராமத்தையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டிப் பாருங்கள்.

போன வாரம் நான் முடித்த ஆட்டத்தில் என் சோழர்கள் நவீன யுகத்துக்குள் முகலாயர்களாக நுழைந்தார்கள். கொடி மாறியது, இசை மாறியது. துறைமுகத்துக்குப் பின்னால் பெரிய கோயில் அப்படியே நின்றது. அதைச் சுற்றி ரயில் பாதை போட வேண்டியிருந்ததால், தண்டவாளத்தை இரண்டு கட்டம் தள்ளிப் போட்டேன். அதனால் நாலு டர்ன் தாமதமாகி, ஆட்டத்தில் இரண்டாவதாகத்தான் வந்தேன்.